அரை மேசை, 1,200 ரூபாய்

காமிக்ஸ் சந்தையில் என் புத்தகத்தை விற்க மேசை எடுத்தேன். முதலில் அதன் கணக்கு. அரை மேசை வாடகை 1,200. புத்தகம் 60 பிரதி அடித்தது, ஒன்றுக்கு 48 வீதம் 2,880. போக வர ஆட்டோ 260. மத்தியானம் தயிர் சாதமும் டீயும் 90. மொத்தச் செலவு 4,430. விற்றது 29 புத்தகம், ஒன்று 100 ரூபாய். 20 ரூபாய் போஸ்ட்கார்டு 17 போனது. ஆக வரவு 3,240. கையைக் கடித்தது 1,190. ஐந்து பிரதியைப் பக்கத்து மேசைக்காரர்களோடு மாற்றிக்கொண்டேன், மிச்சம் 26 கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மேசை எடுக்காதீர்கள். நான் அடுத்த தடவையும் எடுக்கப்போகிறேன்.

இது போன மாதம் மேற்கு மாம்பலத்தில் ஒரு மினி ஹாலில் ஒருநாள் நடந்த காமிக்ஸ் சந்தை. வரைகிறவர்களே மேசை போட்டு, அவரவர் புத்தகத்தை அவரவரே விற்பது. நடத்தியவர்கள் பெயரை நான் இங்கே போடவில்லை. நாலு பேர், நாலு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவர்கள். குறையும் சொல்லப்போகிறேன். அது அவர்கள் காதுக்குப் போனால் போதும், ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன், பதினாறு வருடமாக. வரைவது ராத்திரியில். 'புழுங்கல்' என்று 24 பக்கத்தில் ஒரு கதை போட்டிருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் அம்மாவும் நானும் நின்ற ஒரு மத்தியானம், அவ்வளவுதான் கதை. 24 என்பது கணக்குப் பார்த்து வைத்தது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நான்கின் மடங்காகத்தான் வரும். இது தெரியாமல் 22 பக்கம் வரைந்துவிட்டு, கடைசியில் இரண்டு பக்கம் சும்மா விட்டவர்கள் அன்றைக்கு மட்டும் மூன்று பேர்.

அரை மேசை என்றால் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். கல்யாணப் பந்தியில் இலை போடுவார்களே, அதே மேசை. மேலே விரிக்கத் துணி நாம் கொண்டுபோக வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாதது என்னவென்றால், புத்தகத்தைப் படுக்க வைத்தால் இரண்டடி தள்ளி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு இது முன்பே பட்ட அனுபவம். வீட்டில் தட்டு கவிழ்க்கிற கம்பி ஸ்டாண்டை எடுத்துப்போயிருந்தேன். தட்டு நிற்கிற இடுக்குகளில் புத்தகம் கச்சிதமாக நிற்கிறது, அட்டை நேராக முகத்தைப் பார்க்கிறது. பதினோரு மணிக்குள் இரண்டு பேர் வந்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். பாத்திரக் கடையில் என்றதும் சிரித்தார்கள். அதில் ஒருவர் புத்தகமும் வாங்கினார்.

விலையை 100 என்று வைத்ததும் வேண்டுமென்றேதான். பக்கத்து மேசையில் 130 ரூபாய் புத்தகம். அந்த ஹால் கீழ்த்தளத்தில், சுவர் கனம், போனில் டவர் ஒரு கோடு வந்தால் அதிசயம். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடுவதும், பணம் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் நிற்பதுமாக இருந்தது. அதில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. எனக்கு நூறு ரூபாய்த் தாளாக வந்தது, சில்லறைத் தொல்லை இல்லை. வாசலில் ஒரு வைஃபை வைக்க அந்த நாலு பேருக்கு என்ன செலவாகியிருக்கும்? இது முதல் குறை.

வந்தவர்களில் பாதி காலேஜ் பிள்ளைகள். மீதியில் ஒரு கூட்டம் உண்டு, தமிழில் காமிக்ஸ் போடுகிற எவருக்கும் அவர்களைத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல், கையில் துணிப்பை, நேராக வந்து ஒரே கேள்வி. "ஏம்மா, மாயாவி இருக்கா?" 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது இவர்கள் அரை டிரவுசர் போட்டவர்கள். அந்த மாயாவி பிரிட்டனில் பிறந்தவன், இவர்கள் கொண்டாடுகிற கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் இத்தாலியில் பிறந்தவன். இரண்டு பேருமே இவர்களுக்குப் பக்கத்துத் தெரு ஆட்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் இந்த வாசகர்கள் கூடுவது பல வருடப் பழக்கம். இங்கே வாசகர்களுக்குச் சங்கம் மாதிரி ஒன்று உண்டு, வரைகிறவர்களுக்குத்தான் இல்லை. அன்றைக்கு என்னிடம் மாயாவி கேட்டவர்கள் ஆறு பேர். இல்லை என்றதும் நாலு பேர் நகர்ந்துவிட்டார்கள். ஒருவர் நின்று இரண்டு பக்கம் புரட்டி, "இதுல சண்டையே இல்லையே" என்றார். ரேஷன் கடையில் சண்டை பதினேழாம் பக்கத்தில் வருகிறது சார் என்றேன். வாங்கிக்கொண்டார்.

தொழில் புத்தி போகாது. கூட்டம் குறைந்த நேரத்தில் எழுந்து மேசை மேசையாகப் போய் எழுத்துருவைத்தான் பார்த்தேன். தமிழ்ப் புத்தகம் பத்து இருந்தது. ஆறில் பேசுகிறவர்கள் எல்லாரும் கவிவாணர் என்ற எழுத்துருவில் பேசுகிறார்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது, இலவசமாகக் கிடைக்கிறது, கையெழுத்துச் சாயல் இருக்கிறது, அழகுதான். ஆனால் ஒரு புத்தகத்தில் பேயும் கவிவாணர், இன்னொன்றில் கவுன்சிலரும் கவிவாணர். மீதி நாலில் இரண்டு பலூ தம்பி என்ற இன்னொரு எழுத்துரு. கையால் எழுதியது ஒன்றே ஒன்று, தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. அவள் எழுத்தில் 'ழ'வின் வால் வசனம் எழுதுகிற பலூனை விட்டு வெளியே தொங்குகிறது. அந்த வாலுக்காகவே நான் அதை வாங்கினேன்.

வேறு வழியில்லாமல்தான் எல்லாரும் அந்த இரண்டில் போய் விழுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். காமிக்ஸுக்கென்று தமிழில் எழுத்துரு தேடினால் கை விரல் அளவுக்குக்கூடத் தேறாது. அப்புறம் நம் சொற்களின் நீளம் வேறு. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு பலூனுக்குள் வைத்துப் பாருங்கள், ஆளின் தலையை மறைக்கும். போதாதற்கு பழைய ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றி வைக்காவிட்டால் 'கொ' உடைந்து கொம்பு தனியாக, கால் தனியாக நிற்கும். ஒரு பையன் இதற்காகவே புத்தகம் முழுக்க 'கொ' வராமல் வசனம் எழுதியிருக்கிறான்! அந்த செட்டிங்கை அவன் லேப்டாப்பில் மாற்றிக் காட்ட இரண்டு நிமிடம் ஆனது. "ரெண்டு வருஷம் போச்சுக்கா" என்றான்.

வேலூர்க்காரன் அவன், என் மேசையின் மறு பாதி அவனுடையது. அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு ஆந்தை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கையில் எடுத்து முதுகைத் திருப்பினால் மடிப்பு நெடுக வெள்ளையாக ஒரு கோடு, பூனை பிறாண்டினது மாதிரி. டிஜிட்டல் பிரின்டில் மை தாளுக்குள் இறங்காது, மேலே பொடியாக உருகி ஒட்டியிருக்கும். மடித்தால் விரிசல் விடும், கறுப்பில் பளிச்சென்று தெரியும். மடிப்பதற்கு முன்னால் க்ரீசிங், அதாவது மடிக்கிற இடத்தில் கோடாக அழுத்தம், போடச் சொல்ல வேண்டும், மேலே மேட் லேமினேஷன் ஓட்ட வேண்டும். பிரஸ்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால் செய்வார். அவன் 100 பிரதி அடித்து வைத்திருந்தான். கறுப்பு மார்க்கர் வாங்கிவந்து இரண்டு பேருமாக நாற்பது பிரதியின் முதுகில் தீட்டினோம். அந்த மார்க்கர் வாசனை இன்னும் என் சுடிதாரில் இருக்கிறது.

இப்போது நான் ஏன் மறுபடியும் மேசை எடுக்கப்போகிறேன் என்பதற்கு வருகிறேன். எதிர் வரிசையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அக்கா, குழந்தைகள் புத்தகத்துக்கு வரைகிறவர். பட்டர் பிஸ்கட் டின் ஒன்றைக் காலி செய்து கொண்டுவந்திருந்தார். துண்டுச் சீட்டு கொடுத்து மேசை மேசையாகச் சுற்றினார். கடைசியாக வெளியாளுக்கு வரைந்த வேலைக்கு ஒரு பக்கத்துக்கு என்ன வாங்கினீர்கள், பணம் எத்தனை நாளில் வந்தது, எத்தனை முறை திருத்தச் சொன்னார்கள். பெயர் வேண்டாம், எழுதி டின்னுக்குள் போடுங்கள். மூன்று மணிக்கு டீ நேரத்தில் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். 350 ரூபாய் என்று ஒன்று, 3,000 என்று ஒன்று. பணம் வந்த நாள் என்ற இடத்தில் ஒருவர் 'இன்னும்' என்று எழுதியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் பேச்சு வாக்கில், வேலூர்ப் பையனும் நானும் ஒரே ஆளுக்கு வரைந்திருக்கிறோம் என்று தெரிந்தது. விளம்பரத்துக்காகக் காமிக்ஸ் போட்டுக் கொடுக்கிற ஆள். அவனுக்கு ஒரு பக்கத்துக்கு 1,100. எனக்கு 600. அவனுக்கு வயது இருபத்திமூன்று.

"நீங்க கேக்கலையாக்கா?"

"கேக்கணும்னே தெரியாதுப்பா."

வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். பத்து நாள் கழித்து அதே ஆள் எட்டுப் பக்கம் வேண்டும் என்று போன் செய்தார். 1,200 என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 1,000 என்றார். சரி என்றேன். எட்டுப் பக்கத்துக்கு 3,200 கூடுதல். மேலே போட்ட நஷ்டக் கணக்கின் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது குறை, பெரிய குறை. இப்படிப் பேசுவதற்கென்றே கலந்துரையாடல் ஒன்று வைத்திருந்தார்கள். வைத்த நேரம் மாலை நாலரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்குத்தான் குடும்பத்தோடு ஜனம் வருகிறது. துணைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் போய் உட்கார்ந்தார்கள். தனி ஆளாக வந்த நாங்கள் மேசையை விட்டு எழ முடியவில்லை. மைக் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் காதில் விழுந்தது. முக்கியமான ஒன்றை நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி அது 5 வருடத்துக்குத்தான். எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். நான் கையெழுத்துப் போட்ட தாள்களைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால், ஒன்பது மணிக்கு வைத்தால் என்ன? மேசைக்காரர்கள் எல்லாரும் எப்படியும் ஒன்பதுக்கே வந்துவிடுகிறோம்.

தபாலைப் பற்றியும் பேசினார்களாம். இதில் எனக்கும் ஆற்றாமை உண்டு. புத்தகத்தைக் குறைந்த செலவில் அனுப்ப இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள், 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பினால், வாங்குகிறவர் தபால் செலவைப் பார்த்துவிட்டுத்தான் யோசிக்கிறார். நாலைந்து பேர் புத்தகத்தை ஒரே கட்டாக அனுப்பலாம் என்று பேச்சு. யார் வீட்டில் கட்டுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

ஏஐ விவகாரம் இல்லாமல் இப்போது எந்தக் கூட்டமும் இல்லை. ஏஐ படத்துக்கு இடமில்லை என்று விதிமுறையில் எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒரு மேசையில் நாயகிக்குப் பக்கத்துக்குப் பக்கம் மூக்குத்தி இடமும் வலமுமாக மாறுகிறது. கேட்டதற்கு ஸ்டைல் என்றார். நடத்தியவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்கள். பதிவு செய்யும்போதே இரண்டு பென்சில் பக்கம் காட்டச் சொன்னால் இந்தச் சங்கடமே வராது. டேப்லெட்டில் வரைகிறவர்கள் லேயரை, அதாவது படத்தை வரைந்த அடுக்குகளை, காட்டட்டும்.

2024 பிப்ரவரியில் காமிக் கான் என்கிற பெரிய காமிக்ஸ் கண்காட்சி முதல்முறையாகச் சென்னைக்கு வந்தபோது நந்தம்பாக்கம் போயிருந்தேன். அது திருவிழா, இது தெருமுனை டீக்கடை. இரண்டையும் ஒப்பிட்டு மார்க் போடுவது நியாயமில்லை. நந்தனம் புத்தகக் காட்சியில் ஒற்றைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஸ்டால் எடுக்கிற யோசனையும் நமக்கு ஆகாது. கையில் ஒரே புத்தகம் இருக்கிற ஆளுக்கு 1,200 ரூபாய் அரை மேசைதான் கட்டுப்படியாகும்.

எடுப்பதாக இருந்தால், நுழைந்ததும் இரண்டாவது வரிசையில் சுவர் ஓரம் கேளுங்கள். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது, போன் டவரும் அங்கே மட்டும் இரண்டு கோடு வருகிறது. முதல் வரிசை வேண்டாம், உள்ளே வருகிறவர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. கம்பி ஸ்டாண்ட் மறக்காதீர்கள். கறுப்பு அட்டை என்றால் மார்க்கரும்.