பல்கலைக்கழக நூலகத்துக்கு கோஹா: நிறுவும் முன் ஆளைத் தேடுங்கள்

லட்சக்கணக்கில் புத்தகம் உள்ள நூலகத்துக்கும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைத் தயங்காமல் எடுக்கலாம். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைப்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. பதிவுகள் நூல் விவரங்களுக்கான பொது வடிவமான மார்க் 21-இல் இருப்பதால், பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குப் போய்விடலாம். பெரிய நிறுவனத்துக்கு இதைவிட முக்கியமான வசதி வேறில்லை.

கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு 'பெர்ல் புரோகிராமர் தேவை' என்று விளம்பரம் கொடுப்பதுதான் முதல் தவறு. உங்களுக்கு வேண்டியவர் டெபியன் லினக்ஸ் சர்வரைப் பராமரிக்கவும், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் எழுதவும் தெரிந்தவர். கூடவே மார்க் புலங்கள் (பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள எண்ணிட்ட இடங்கள்) தெரிந்த நூலகர் ஒருவர். நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டுவதை விட, ஒரு வெற்றுக் கணினியையும் பழைய பேக்கப் ஒன்றையும் கொடுத்து, நூலகத்தை மீட்டெடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு ஆண்டுகளாக யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியலைக் கேளுங்கள். அரை நாளில் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

நல்ல புரோகிராமர் கிடைத்தாலும் கோஹாவின் மூலக் கோப்புகளில் கை வைக்க விடாதீர்கள். அடுத்த பதிப்பை ஏற்றும்போது அந்தத் திருத்தங்கள் அழிந்துபோகும். அதற்குப் பயந்து பதிப்பு ஏற்றாமலே விட்டால், பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே நிற்கும். வேண்டிய மாற்றங்களில் பெரும்பாலானவற்றை அமைப்பு விருப்பங்களிலேயே முடிக்கலாம். மீதியை, மூலக் கோப்புகளைத் தொடாமல் சேர்க்கும் பிளகினாக எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால், திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஆகவே எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவந்து ஏற்றுங்கள். தேடலுக்கு ஜீப்ரா என்ற தேடுபொறியைப் பயன்படுத்தினால், லத்தீன் எழுத்துகளுக்கான சிஹெச்ஆர் (CHR) அமைப்பை விட்டு யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ (ICU) அமைப்புக்கு மாற்றி, அட்டவணையை முழுதாக மறுபடி கட்ட வேண்டும். இதைச் செய்யாமல், 'கோஹாவில் தமிழ் தேடாது' என்று கைவிடுவது வீண்.

ஒவ்வொரு பிரதியின் விவரங்களும் மார்க் பதிவின் 952-ஆம் புலத்தில் இருக்கும். பார்கோடு 'p' துணைப்புலத்திலும், புத்தக வகை 'y' துணைப்புலத்திலும் வரும். வகை விடுபட்ட பிரதி, புத்தகம் கொடுக்கும் இடத்தில் சிக்கல் தரும். ஒரே பார்கோடு இரண்டு பிரதிகளுக்கு இருந்தால், நூல் பதிவு ஏறும், இரண்டாவது பிரதி ஏறாது. ஏற்றுமுன் எக்செல்லில் வரிசைப்படுத்தி, இரட்டிப்புகளைக் களையுங்கள். முதலில் 500 பதிவுகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

நிறுவியவுடன் மின்னஞ்சல் முடக்கப்பட்டே இருக்கும். தனிக் கட்டளை கொடுத்தால்தான் தவணை நினைவூட்டல் போகும். பேக்கப் தினமும் தானாக எடுக்கப்படும். ஆனால் அது அதே சர்வரில்தான் உட்காரும், இயல்பமைப்பில் இரண்டு நாளுக்கு மேல் தங்காது. தினமும் வேறு கட்டடத்துக்கு ஒரு நகல் போகட்டும்.

வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதானால், சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல் நூலகத்திடம் இருக்கும், மாதாமாதம் முழு மார்க் ஏற்றுமதி தரப்படும், ஆண்டுக்கு ஒரு பதிப்பேற்றம் உண்டு என்ற மூன்றையும் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

லினக்ஸ் தெரிந்த ஆளையோ அப்படி ஒரு நிறுவனத்தையோ அமர்த்த வழியே இல்லாத சிறு கல்லூரிக்கு, விண்டோஸில் ஓடும், பல்கலைக்கழக நூலகங்களுக்கான இந்திய மையமான இன்ஃபிளிப்நெட்டின் சோல் என்ற நூலக மென்பொருளே பொருத்தம்.