75 ரூபாயும் 20 லட்சமும்: சென்னைப் பல்கலைக்கழகமா, அண்ணாமலையா?

சீனிவாச ராமானுஜனால் பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியவில்லை. கணக்கில் குறையில்லை, மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. அவர் தேறவில்லை என்று சொன்னது சென்னைப் பல்கலைக்கழகம். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். பட்டம் பெறாத ஒருவருக்கு அந்தத் தொகையைக் கொடுக்க விதியில் இடமில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேசிப் பேசி இடம் உண்டாக்கினார்கள்.

இதை வைத்து அந்தப் பல்கலைக்கழகத்தைத் திட்டலாம், மெச்சலாம். எனக்குச் சுவையாகப் படுவது அந்த மேசை. யார் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அவர்களை உட்கார வைத்தது யார்? பிரிட்டிஷ் ஆட்சியில் ஒரு பல்கலைக்கழகம் எழுப்புவதற்குப் பல வழிகள் இருந்தன. தமிழ் மண்ணில் இரண்டு வழிகள் நேருக்கு நேர் நின்றன: 1857இல் அரசு எழுப்பிய சென்னை, 1929இல் ஒரு செட்டியார் பணம் கொடுத்து எழுந்த சிதம்பரம். மைசூரும் இலங்கையும் ஓரமாக வந்து போகும்.

பாடம் நடத்தாத பல்கலைக்கழகம்

சென்னையில் கேட்டவர்கள் முதலில் மக்கள்தான். 1839 நவம்பரில் ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் ஒரு விண்ணப்பம் போனது. அதில் 70,000 கையெழுத்துகள். தலைமை வழக்குரைஞர் ஜார்ஜ் நார்ட்டன் அதை முன்னின்று நடத்தினார். கிடைத்தது என்னவோ ஒரு பல்கலைக்கழக வாரியமும், 1841இல் ஓர் உயர்நிலைப் பள்ளியும். அந்தப் பள்ளிதான் பிறகு மாநிலக் கல்லூரியானது. பல்கலைக்கழகம் வர மேலும் 16 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லாமல் போனால் சென்னையின் வடிவம் விளங்காது. ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக வைக்க விரும்பினார். 1846இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றவர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். நார்ட்டனும் அவர்கள் பக்கம். யோசனை நிறைவேறவில்லை. ஆனால் அரசாங்கத்துக்கு ஒன்று புரிந்திருக்கும்: இந்த நாட்டில் பாடம் நடத்தினால் வம்பு. இந்தியக் கல்விக்குக் கொள்கை வகுத்த 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் காட்டியது. அப்போதைய லண்டன் பாடம் நடத்துவதில்லை. தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடமே நடத்தாத பல்கலைக்கழகத்தை ‘எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் மதத்தைப் புகட்டுகிறீர்கள்’ என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. மிஷனரிகளின் கல்லூரியும் பச்சையப்பன் கல்லூரியும் அரசுக் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் வந்தது இதனால்தான். இந்த ஏற்பாட்டைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவார்கள். கஞ்சத்தனமும் உண்டு, தேர்வுக் கட்டணத்தைக் கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளிய நிறுவனம் அது. சாமர்த்தியமும் உண்டு.

1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் வந்தது. வடக்கே கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஆளுநர் ஹாரிஸ் வேந்தர், தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன் துணைவேந்தர். செனட் மண்டபம் கட்டடக் கலைஞர் சிஸோமின் கைவண்ணத்தில் கடற்கரையில் எழுந்தது 1870களில்தான். அதுவரை பல்கலைக்கழகம் என்பது ஒரு பதிவாளர், சில குழுக்கள், கட்டுக்கட்டாக விடைத்தாள்.

இந்த மாதிரியின் நல்ல முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதன் முதல் பட்டதாரிகளைப் பாருங்கள். சி.வை. தாமோதரம்பிள்ளை, அவரைவிட மூத்தவரான விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியில் படித்தவர்கள். அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. மூடிய பள்ளியில் படித்தவர்கள், கடல் கடந்து வந்து, புதிய பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. ஆனார்கள். எங்கே படித்தாய் என்று துருவாமல் என்ன தெரியும் என்று கேட்ட பல்கலைக்கழகத்தில்தான் இது நடக்கும். அதே தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் கலித்தொகையை அச்சேற்றினார். அதற்கு இந்தப் பல்கலைக்கழகம் கற்பித்தது எதுவும் உதவியிருக்காது என்பது வேறு கதை.

கெட்ட முகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனப்பாடம், உரைநூல், தோல்விச் சதவீதம். ‘பி.ஏ. பெயில்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட தலைமுறையைக் கேலி செய்கிறோம். அந்தப் பல்லை உடைக்கும் தேர்வறை வரை போய் வந்ததே ஒரு தகுதி என்று ஊர் ஏற்றுக்கொண்டது என்றால் தேர்வு எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பதில்லை.

ரயில் பாதைக்குக் கிழக்கே

சிதம்பரம் இதற்கு நேர் எதிர். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி. தமிழ்க் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதையர் முதல்வராக இருந்தார்.

அந்தப் பத்தாண்டில் காற்று திசை மாறியிருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஆராய்ந்த சாட்லர் குழு, தேர்வு இயந்திரங்கள் போதும், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. மாகாண ஆட்சியை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் பங்கிட்ட இரட்டையாட்சியில் கல்வி இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தது. 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் பிரிந்து போனது. தெலுங்கு மாவட்டங்களுக்கு ஒன்று என்றால் தமிழ் மாவட்டங்களுக்கு எங்கே என்ற கேள்வி தானாக எழுந்தது. செட்டியார் தம் கல்லூரிகளையும் அவற்றின் சொத்துகளையும் 20 லட்சம் ரூபாயையும் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். சுப்பராயன் முதன்மை அமைச்சராக இருந்த காலத்தில் சட்டம் நிறைவேறி, 1929இல் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டு அவருக்குப் பரம்பரை ‘ராஜா’ பட்டமும் வந்தது.

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே போனால் கோயிலும் கடைத்தெருவும். கிழக்கே போனால் திருவேட்களம், பல்கலைக்கழகம், விடுதிகள். நடுவில் தண்டவாளம். ஊரை ஒட்டியே ஊருக்கு வெளியே இருக்கிற இந்த அமைப்பைச் சென்னையில் கனவிலும் காண முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்து மாணவன் என்பவன் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ ஒரு கல்லூரியில் இருப்பான். தன் பல்கலைக்கழகக் கட்டடத்தைப் பட்டமளிப்பு விழாவில்தான் பார்ப்பான், பார்த்தால். சிதம்பரத்து மாணவன் துணைவேந்தர் மாலையில் நடந்து போவதைப் பார்த்திருப்பான். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்பதே ஒரு படிப்பு. தமிழ்த் துறையில் முதலில் விபுலானந்தர், பிறகு சோமசுந்தர பாரதியார். நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் படித்தவர்கள். ஒரே விடுதியில் தூங்கி ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் வாதாடினால் என்ன விளையும் என்பதற்குப் பிற்கால அரசியலே சாட்சி.

தமிழுக்கு எது நல்லது என்று கேட்டால் பட்டென்று சிதம்பரம் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1902ஐ ஒட்டித் தமிழைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கும் யோசனை சென்னையில் வந்ததும், பரிதிமாற்கலைஞர் போன்றோர் போராடித் தடுத்ததும் உண்மை. 1936 வரை கால் நூற்றாண்டுக் காலம் உழைத்துத் தமிழ்ப் பேரகராதியை முடித்ததும் அதே சென்னைதான். அகராதிக்குப் பொறுமையான குழுக்கள் வேண்டும். சலிப்பூட்டும் நிறுவனங்களுக்கு அது கைவந்த கலை. தமிழிசைக்கு வேகம் வேண்டும், பணம் வேண்டும், பிடிவாதம் வேண்டும். அதற்குச் செட்டியார் வேண்டியிருந்தது.

நாற்காலியில் யார்

இப்போது மேசைக்கு வருவோம். இரண்டிலும் ஆளுநர்தான் வேந்தர். அதற்கு மேல் ஒற்றுமை இல்லை.

சென்னையில் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தை ஆளும் அவையான செனட்டின் உறுப்பினர்கள் ஆயுட்காலத்துக்கு நியமிக்கப்பட்டார்கள். நீதிபதிகள், அதிகாரிகள், பாதிரிமார்கள், போகப் போக வழக்கறிஞர்கள். வைசிராய் கர்சனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கொண்டுவந்த 1904ஆம் ஆண்டுச் சட்டம் செனட்டை 50 முதல் 100 பேர் என்று சுருக்கியது, பதவிக்காலத்தை ஐந்து ஆண்டு ஆக்கியது. சென்னையில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 20; மற்றவை பெரும்பாலும் வேந்தரின் நியமனம். கோகலே எதிர்த்துப் பேசினார், பயனில்லை. சீர்திருத்தம் என்று பெயர். கடிவாளம் என்று பொருள். ஆனாலும் ராமானுஜனுக்கு 75 ரூபாய் கொடுத்தது இந்தக் கடிவாளம் போட்ட பல்கலைக்கழகம்தான் என்பதை மறக்கக் கூடாது. 1923இல் ஏ.பி. பாத்ரோ அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் கடிவாளத்தைத் தளர்த்தியது, கற்பிக்கும் வேலையையும் சேர்த்தது.

சிதம்பரத்தில் நிறுவனரே இணைவேந்தர். அவருக்குப் பிறகு அவர் வாரிசு. துணைவேந்தர் பதவிக்கு நிறுவனர் மூன்று பெயர்களைக் கொடுப்பார், அதிலிருந்து ஒருவரை வேந்தர் நியமிப்பார். சட்டத்திலேயே இப்படி எழுதியிருந்தது. மூன்று பெயரையும் ஒருவரே எழுதினால் நியமிப்பவரின் கை எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கார ஆளுநரின் அதிகாரத்தை ஒரு தமிழர் இப்படிக் கட்டிப்போட்டார் என்று பெருமைப்படலாம்தான். பொதுப் பல்கலைக்கழகத்தின் சாவி ஒரு குடும்பத்தின் இடுப்பில் தொங்கியது என்பதும் அதே உண்மைதான்.

குழு இருந்தால் தனியாட்சி வராது என்று எண்ணிவிட வேண்டாம். ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னையின் துணைவேந்தர். எந்தச் செட்டிநாட்டு வாரிசுரிமையும் இல்லாமலே ஒருவர் அவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தார். திறமையானவர், மறுப்பில்லை.

அரண்மனையும் கப்பலும்

மைசூர் இவற்றில் சேராது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையாவும் சேர்ந்து 1916இல் தொடங்கினார்கள். அதுவரை அவர்களுடைய கல்லூரிகள் சென்னைக்குத்தான் விடைத்தாள் அனுப்பிக்கொண்டிருந்தன. அரசரே முன்வந்தால் வேலை விரைவாக முடியும் என்பதற்கு மைசூர் சாட்சி. ஐதராபாத் 1918இல் உஸ்மானியாவை உருதில் நடத்தத் துணிந்தது. சென்னையும் சிதம்பரமும் தமிழ்வழிக்கு அப்படித் துணியவில்லை என்பது உறுத்துகிறது.

இலங்கையின் வழி எனக்கு மிகவும் பரிதாபமாகப் படுகிறது. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் 1906இல் சங்கம் அமைத்துப் பல்கலைக்கழகம் கேட்டார்கள். 1921இல் கிடைத்தது கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. பட்டம் லண்டனுடையது. கொழும்பில் உட்கார்ந்து எழுதிய விடைத்தாள் கப்பலேறி லண்டன் போய்த் திருத்தப்பட வேண்டும். சென்னையாவது லண்டனைப் பார்த்துத் தானே ஒரு தேர்வு நிலையத்தைக் கட்டியது. கொழும்பு லண்டனுக்கே தேர்வு எழுதியது. நடுவில் பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா என்று இடச் சண்டை வேறு. கண்டிப் பக்கம் வென்று பேராதனை என்று முடிவாவதற்குள் 1930கள் கழிந்தன. முதல் துணைவேந்தராக ஐவர் ஜென்னிங்ஸ் வந்து 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் சட்டம் தன்னாட்சிக்கு நிறைய இடம் கொடுத்தது. சிதம்பரத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலானந்தர்தான் அங்கேயும் முதல் தமிழ்ப் பேராசிரியர். அந்தத் தன்னாட்சியை 1966இல் சட்டம் போட்டுக் குறைத்தது சுதந்திர இலங்கையின் அரசு.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

1930இல் எனக்கு 18 வயது, கையில் விடுதிப் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுப்பேன். கையில் பணம் இல்லை, கும்பகோணத்தைவிட்டு நகர முடியாது என்றால் சென்னைப் பட்டம்தான் கதி. அது என் ஊருக்கே வரும், நான் எந்தத் திண்ணையில் படித்தேன் என்று கேட்காது என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதற்கும் ஓர் இணைப்புக் கல்லூரியின் வருகைப் பதிவேடு வேண்டும். தாமோதரம்பிள்ளை காலத்துத் தாராளம் மெல்ல மெல்லக் காணாமல் போயிருந்தது.

மாணவனாக அல்லாமல் சட்டம் எழுதுகிறவனாக இருந்தால் பதில் வேறு. சென்னையின் மேசையை வைத்துக்கொண்டு அதில் நியமனங்களைக் குறைப்பேன். செட்டியாரின் 20 லட்சத்தை வாங்கிக்கொள்வேன், மூன்று பெயர் எழுதும் உரிமையை அவர் ஆயுளோடு நிறுத்துவேன். அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று கேட்டால், மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் 1929இல் பல்கலைக்கழகமும் இல்லை. கொடுப்பவரிடம் நிபந்தனை போடும் வலு அன்றைய அரசுக் கருவூலத்துக்கும் இல்லை, மனமும் இல்லை.

வாரிசுரிமை 84 ஆண்டு நீடித்தது. நிதி நெருக்கடி முற்றி 2013இல் தமிழக அரசு புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2021இல் விழுப்புரம் பல்கலைக்கழகம் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. ஒரே வளாகம் என்ற கொள்கையில் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு இப்போது நான்கு மாவட்டக் கல்லூரிகளின் விடைத்தாள்களும் வந்து சேர்கின்றன, ரயில் பாதையைக் கடந்து.