ஏரியா குரூப்பை நம்பி ஆள் கூப்பிடாதீங்க, ரூ.6,800 போச்சு

தண்டையார்பேட்டைக்காரர்களே, ஏரியா குரூப்பில் மெக்கானிக் தேடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 6,800 ரூபாய். இன்னும் வயிறு எரிகிறது.

அம்மா வீட்டு வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. நெட்டில் தேடினால் போலி கஸ்டமர் கேர் நம்பராக வருமே என்ற பயத்தில், நம்ம ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று குரூப்பில் கேட்டேன். பத்தே நிமிஷம், நான்கு பேர் ஒரே நம்பரைப் போட்டார்கள். அதில் ஒருவர் ‘சேணியம்மன் கோயில் பக்கம்தான், எங்க அம்மா வீட்டு ஃப்ரிட்ஜையும் அவர்தான் பார்த்தார்’ என்று எழுதியிருந்தார். அந்த ‘எங்க அம்மா வீட்டு’ என்ற வார்த்தையில்தான் விழுந்தேன்.

வந்தவர் செருப்பை வாசலிலேயே விட்டார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார், மெஷினின் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ‘ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்தா ரெண்டே நாள்மா’ என்றார். பில்கூடக் கேட்காமல் 6,800-ஐ ஜிபேயில் தட்டினேன்.

அப்புறம்? ‘நாளைக்கு சார்.’ ‘மாமியார் தவறிட்டாங்க சார்.’ பிறகு பிளாக். சிபாரிசு செய்த நாலு பேரின் ப்ரொஃபைலையும் அப்போதுதான் திறந்தேன்: நாலும் ஒரே மாதத்தில் தொடங்கியவை, பூ படம், சாமி படம், பெரம்பூர், ராயபுரம் குரூப்களிலும் அதே நம்பர். அட்மினிடம் சொன்னால் ‘ரூல்ஸ்லயே இருக்கு, நாங்க பொறுப்பில்ல ப்ரோ.’ இப்போதும் ‘வாஷிங் மெஷின்’ என்று தேடினால் அந்த நாலு சிபாரிசும் முதலில் வருகின்றன. நான் போட்ட எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் என் மச்சான் கோபத்தில் அந்த மெக்கானிக்கின் பெயரை நெட்டில் தேடி, கிடைத்த படத்தை ‘இவன்தான் திருடன்’ என்று போட்டுவிட்டான். ஆள் வேறு. கொடுங்கையூரில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவர், அவர் பொண்ணு போனில் அழுதது. உடனே அழித்தோம், அதற்குள் எத்தனை வாட்ஸ்அப்புக்குப் போனதோ. 6,800-ஐவிட அதுதான் உறுத்துகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ப்ரொஃபைலைப் பாருங்கள். போர்டை வெளியே அனுப்பாதீர்கள், முன்பணம் தராதீர்கள். பணம் போனால் அன்றைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடியுங்கள், நான் ஐந்தாம் நாள்தான் அடித்தேன். குரூப்பில் உங்கள் நம்பரைப் போடாதீர்கள், எனக்கு இப்போது தினமும் நாலு லோன் கால். அம்மா பின்பக்கம் துணியோடு கூப்பிடுகிறார், போகிறேன்.