கியூஆர் குறியீடா, ஆர்எஃப்ஐடி பட்டையா?

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மறுசுழற்சிக்காக மின்னணுப் பொருட்களின் பாகங்களை அடையாளம் கண்டு பின்தொடர இந்த இரண்டில் எது நல்லது?

ஆர்எஃப்ஐடி பட்டை, அதாவது ரேடியோ அலை வழியாகப் படிக்கப்படும் சிப் பட்டை, வேகமானது. குவியலாகக் கிடந்தாலும் பலவற்றை ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால் உலோகம் அருகில் இருந்தால் சாதாரணப் பட்டை தடுமாறும். மின்னணுப் பொருளில் உலோகத்துக்கா பஞ்சம்? தனிக் கருவியும் வேண்டும். அப்புறம், பட்டையின் சிப்பும் ஆன்டெனாவும் கடைசியில் கழிவுதான்.

கியூஆரை ஒவ்வொன்றாகத்தான் ஸ்கேன் செய்ய முடியும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. பழுது பார்ப்பவருக்கும் பிரித்தெடுப்பவருக்கும் கையிலிருக்கும் போனே போதும். கொஞ்சம் கீறல் விழுந்தாலும் படிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்குக் கட்டாயமாக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் (பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்பதிவு) கியூஆர் வழியாகத்தான் திறக்கும்.