ரைசன் 5 7600, டிடிஆர்5-6000 ரேம்: சேலம் வெயிலில் எந்த செட்டிங் நிற்கும்?

ஆறு கோர் ரைசன் 5 7600, ஒரு பி650 மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக் கொண்ட 6000 வேக சிஎல்30 (காத்திருப்பு 30 க்ளாக்) எக்ஸ்போ ரேம் கிட். கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் சேர்த்து ஒரே மெஷின் வேண்டும் என்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய செட் இது. டீஃபால்ட்டில் ஓட்டினால் பொதுவாகத் தொல்லை தராது. எக்ஸ்போ (ரேமைக் கிட்டில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்), பிபிஓ (பிராசசரின் பவர் வரம்பை உயர்த்துவது), கர்வ் ஆப்டிமைசர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) மூன்றையும் ஒரே ராத்திரியில் தட்டிவிட்டால்தான் ப்ளூ ஸ்கிரீன் ஆரம்பிக்கிறது. அப்போது ரேமைச் சந்தேகிப்பதா பிராசசரைச் சந்தேகிப்பதா என்றே தெரியாது. சேலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: டிசம்பரில் கச்சிதமாக நின்ற செட்டிங் ஏப்ரலில் காலை வாரிவிடும்.

எக்ஸ்போ என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. இந்த பிராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. அதனால் "இப்போது 32 ஜிபி, பிறகு இன்னொரு கிட் சேர்த்துக்கலாம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது. 64 ஜிபி தேவைப்படும் என்று தோன்றினால் முதலிலேயே 32 ஜிபி வீதம் இரண்டாக வாங்கிவிடுங்கள். ஸ்டிக்குகளைச் செருக வேண்டியது பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்.

எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கட்டாயம். பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.30-ஐத் தாண்டாதபடி 2023-இல் ஏஎம்டி பயாஸிலேயே பூட்டுப் போட்டது. கடையில் பழைய ஸ்டாக் போர்டு கிடைத்தால் அந்தப் பூட்டு இருக்காது. 6000 வேகத்துக்குப் பெரும்பாலும் 1.20 முதல் 1.25 வோல்ட்டே போதும்.

எக்ஸ்போ போட்டு முதல்முறை ஆன் செய்ததும் ஸ்கிரீன் கருப்பாகவே கிடக்கும், போர்டில் டிராம் என்று எழுதிய சின்ன எல்இடி மட்டும் எரியும். மெமரி டிரெய்னிங் (ரேமுக்குப் பொருந்தும் செட்டிங்கை போர்டே தேடுவது) நடக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் வரை பொறுங்கள், பவரை அணைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இப்படிக் காத்திருக்க முடியாது என்று மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை (பழைய டிரெய்னிங் முடிவையே திரும்பப் பயன்படுத்தும் செட்டிங்) ஆன் செய்கிறவர்கள், பவர் டவுன் எனேபிளையும் (ரேம் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் செட்டிங்) கூடவே ஆன் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை அணைத்து வைத்தால் ப்ளூ ஸ்கிரீன் வர வாய்ப்பு அதிகம்.

மெஷின் தடுமாற ஆரம்பித்துவிட்டதா? சிமாஸ் க்ளியர் செய்து (பயாஸ் செட்டிங்குகளை அழித்து) டீஃபால்ட்டில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஓவர்கிளாக்கைக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), போர்டு, ஸ்டிக் எதுவோ பழுது. டீஃபால்ட்டில் நின்றால், பிபிஓவைத் தொடாமல் எக்ஸ்போவை மட்டும் போடுங்கள். விண்டோஸுக்குள் போகாமல் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள். ரேம் பிழையோடு விண்டோஸைத் திறந்து வேலை செய்தால், சேமிக்கும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது சிஆர்சி எரர் வருவது அதன் முதல் அடையாளம். மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்த பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5, ஒய்-க்ரஞ்சரின் விடி3 என்ற இரண்டு சோதனைகளையும் ஓட்டுங்கள். எஃப்சிஎல்கே (பிராசசருக்குள் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம்) 2000-இல் இருக்கட்டும், மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரே க்ளாக்கில் ஓடட்டும். எஃப்சிஎல்கே-வை 2133, 2200 என்று ஏற்றினால் சில பிராசசர்களில் க்ராஷ் ஆகாமலே ஸ்பீக்கர் கரகரக்கும், யுஎஸ்பி விட்டுவிட்டு வரும்.

டெஸ்டில் எரர் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே வந்தால் டைமிங் (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் க்ளாக் எண்ணிக்கை) அல்லது வோல்டேஜ் தப்பு. அரை மணி, முக்கால் மணி கழித்து வந்தால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். டிடிஆர்5-இல் வோல்டேஜைச் சீராக்கும் சிப் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எரர் வருகிறதே என்று ரேம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.40 ஆக்கினால் ஸ்டிக் இன்னும் சூடாகும், எரர் கூடத்தான் செய்யும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் எஸ்பிடி ஹப் டெம்பரேச்சரை, அதாவது ஸ்டிக்கின் சூட்டைப் பாருங்கள். டைமிங்கை இறுக்கியிருந்தால் 50-55 டிகிரியைத் தாண்டும்போது சிக்கல் தொடங்கலாம். கேபினெட் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை ஸ்டிக் மேல் திருப்பி அதே டெஸ்டை ஓட்டுங்கள். எரர் மறைந்தால் காரணம் சூடுதான்.

சூட்டோடு நேரடிச் சம்பந்தம் உள்ள செட்டிங் டிரெஃபி. ரேம் செல்லில் இருக்கும் சார்ஜ் ஒழுகிக்கொண்டே இருக்கும், அதை எத்தனை க்ளாக்குக்கு ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்வது என்பதை இந்த எண் சொல்கிறது. 6000 வேகத்தில் வழக்கமான இடைவெளி 3.9 மைக்ரோ நொடி, அதாவது 11,700. வேகத்துக்காக இதைப் பலரும் 65,535-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்போது இடைவெளி 22 மைக்ரோ நொடிக்குப் பக்கத்தில் போய்விடும். சூடு கூடக் கூட சார்ஜ் சீக்கிரம் ஒழுகும். ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளுகுளு அறையில் 65,535 நிற்கலாம். மலையடிவாரத்தில் மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும் மதியத்தில், ஏசி இல்லாத மாடி அறையில் அதை நம்பக் கூடாது. 30,000-க்கு இறக்குங்கள், அதற்கும் எரர் வந்தால் பழைய 11,700-க்கே போங்கள். டெஸ்டையும் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுங்கள், விடியற்காலையில் ஓட்டிப் பிரயோஜனமில்லை. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் தெருவில் வீடு என்றால் கேபினெட் ஃபில்டரில் பஞ்சு அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேம் சுத்தம் என்று தெரிந்த பிறகே கர்வ் ஆப்டிமைசர். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டு சினிபெஞ்ச் (எல்லாக் கோரையும் சேர்த்து உழைக்க வைக்கும் சோதனை) ஓட்டி "பாஸ்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவதுதான். எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் தானாக இறங்கும், குறைந்த வோல்டேஜ் அப்போது போதும். ஒற்றைக் கோர் 5.1 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் பற்றாமல் விழும். சும்மா பிரவுசர் திறந்து வைத்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதன் காரணம் இதுதான். கோர்சைக்ளர் ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், அதை ராத்திரி முழுக்க விடுங்கள். விண்டோஸ் எரர்களைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர், ஈவென்ட் 18, கேஷ் ஹையரார்க்கி எரர் என்று இருந்தால் கீழே ஏபிக் ஐடி (எரர் வந்த த்ரெட்டின் எண்) பாருங்கள். இந்த பிராசசரில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண்: ஐடி 4 அல்லது 5 என்றால் கோர் 2. அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் 30-ஐ மைனஸ் 20 ஆக்கினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.

கூலர் விஷயம் சுருக்கம்: பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் டீஃபால்ட் 88 வாட்டுக்குச் சமாளிக்கும், சத்தம் போடும். பிபிஓ போடுவதென்றால் 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் வாங்குங்கள். 6400 கிட்டுக்கு மேல்காசு கொடுக்க வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று எல்லா பிராசசரும் அதைத் தாங்காது. 6000 நிற்காவிட்டால் 5600-க்கு இறங்கலாம், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

வாங்கும்போது போர்டு கம்பெனியின் க்யூவிஎல் (சோதித்துப் பார்த்த ரேம்கள்) பட்டியலில் கிட்டின் முழு பார்ட் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எக்ஸ்போ ஆன் செய்து மெம்டெஸ்ட் ஒரு பாஸ் முடித்துக் காட்டச் சொல்லுங்கள். எரர் வந்தால் ஸ்டிக்கை மாற்றித் தருவார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.