'டெஸ்டட்' முத்திரையை நம்பி 6254 டிராப்பர் வாங்காதீர்கள்

கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தின் 6254 டிராப்பர் என்ற மடக்குக் கத்தி, அதுவும் 'கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்' முத்திரையும் பச்சை எலும்புக் கைப்பிடியுமாக இணைய ஏலத்தில் கண்ணில் பட்டால், அவசரப்பட்டு விலை கேட்டுவிடாதீர்கள். அப்படி ஒன்று பல நூறு டாலருக்கு வாங்கப்பட்டு, முழுப் போலி என்று தெரிந்திருக்கிறது. விற்றவரின் பெயரைப் போட்டுப் பயனில்லை, அடுத்த வாரம் வேறு கணக்கில் வந்துவிடுவார். போலியை எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் அடுத்தவர் தப்பலாம்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1930களின் கத்தி, ஒரு முதியவர் வீட்டுச் சாமான்களோடு கிடைத்தது, பிளேடுகள் தீட்டப்படவே இல்லை, "நான் நிபுணன் இல்லை, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்". நான்கு படங்கள். நான்கிலும் பிளேடுகள் முழுக்க விரிந்திருந்தன, அல்லது முழுக்க மடங்கியிருந்தன. பாதி விரிந்த நிலையில் ஒரு படம்கூட இல்லை. அது தற்செயல் அல்ல. காரணம் கீழே வருகிறது.

இந்த மாடலைக் குறிவைப்பது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகளின் வயதை, டாங்கில் அடித்த முத்திரையை வைத்துத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். டாங் என்பது பிளேடின் அடிப்பகுதி, கூர் தொடங்குவதற்கு முன் கைப்பிடியை ஒட்டி இருக்கும் தட்டையான இடம். 'கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்' என்றால் 1920 முதல் 1940 வரை. வெறும் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்றால் 1940 முதல் 1964 வரை. அதோடு 'மேட் இன் யு.எஸ்.ஏ.' சேர்ந்தால் 1965 முதல் 1969 வரை. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979இல் ஒரே ஒரு புள்ளி. 6254 என்ற எண்ணில் 6 எலும்புக் கைப்பிடியையும், 2 பிளேடுகளின் எண்ணிக்கையையும், 54 டிராப்பர் வடிவத்தையும் குறிக்கும். 1970களின் 6254 எளிதாகக் கிடைக்கும். டெஸ்டட் 6254 மிக அரிது. வடிவம் ஒன்றுதான், விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போலி செய்பவருக்கு வேண்டிய இடைவெளி இதுதான்.

வந்த கத்தி 1970களின் நல்ல டிராப்பர் ஒன்று. அதன் டாங்கில் இருந்த பழைய முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு, டெஸ்டட் முத்திரையைப் புதிதாகப் போட்டு, கைப்பிடியில் பச்சைச் சாயம் ஏற்றிய புது எலும்பை ஒட்டியிருக்கிறார்கள். போனது பணம் மட்டும் இல்லை என்பதுதான் மனத்தை அறுக்கிறது. தன் காலத்துக்கு உண்மையாக இருந்த ஒரு கத்தியை அழித்துத்தான் இந்தப் பொய்யைச் செய்திருக்கிறார்கள்.

முத்திரையிலிருந்து தொடங்குவோம். தொழிற்சாலையில் பிளேடைப் பதப்படுத்துவதற்கு முன், எஃகு மென்மையாக இருக்கும்போதே அச்சை வைத்து அழுத்தி முத்திரை அடிப்பார்கள். பதம் ஏற்றுவது அதன் பிறகுதான். அதனால் அசல் எழுத்தின் ஓரத்தில் உலோகம் அழுந்திய தோற்றம் இருக்கும், எழுத்தின் அடியில் பெரும்பாலும் பழைய கருமை தங்கியிருக்கும். பதமேறிய எஃகில் பிறகு அச்சடிப்பது நடக்காத காரியம். ஒன்று, டாங்கைச் சூடாக்கி மென்மையாக்க வேண்டும், அப்போது நீலமோ வைக்கோல் நிறமோ படரும், அதை மறைக்க மறுபடி பஃப் போட்டு மெருகேற்ற வேண்டும். இல்லையென்றால் லேசரிலோ அமிலத்திலோ சிறு உளியிலோ பொறிக்க வேண்டும். இந்தக் கத்தியில் பொறித்திருந்தார்கள். 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் எழுத்தின் பள்ளத்துக்குள் கருவி சுழன்ற கோடுகள் தெரிந்தன, மூலைகள் உருண்டிருந்தன. டெஸ்டட் முத்திரையில் 'சி' எழுத்தின் வால் நீண்டு மற்ற எழுத்துகளுக்கு அடியில் ஓடும். அந்த வாலின் ஆழம் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இருந்தது.

அதைவிட முக்கியமான சாட்சி துரு. முத்திரை பழையதாக இருந்தால் துருக்குழி எழுத்தின் ஓரத்தையும் அரித்திருக்கும். இங்கே டாங் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தும், எழுத்தின் ஓரங்கள் கூராக அந்தக் குழிகளை வெட்டிக்கொண்டு போயின. துருவுக்குப் பின்னால் வந்த எழுத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இனி, பாதி விரிந்த படம் ஏன் இல்லை என்பது. கத்தியைப் பிரிக்காமல் முத்திரையைத் தேய்த்தால், வெளியே தெரியும் பகுதிதான் தேயும். போல்ஸ்டருக்குள், அதாவது கைப்பிடி முனையின் உலோகக் கவசத்துக்குள், ஒளிந்திருக்கும் பகுதி பழைய தடிமனிலேயே இருக்கும். பிளேடைப் பாதி மடக்கினால் அந்த மறைந்த பகுதி சுழன்று வெளியே வரும். அப்போது தேய்த்ததற்கும் தேய்க்காததற்கும் நடுவில் ஒரு படி தெரிந்துவிடும். இந்தக் கத்தியில் காலிப்பர் வைத்து அளந்தால் அந்தப் படி கால் மில்லிமீட்டருக்குப் பக்கம் வந்தது. பிளேடு பக்கவாட்டில் ஆடவும் செய்தது. அந்த ஆட்டத்தை அடக்கப் போல்ஸ்டரை வைசில் (பட்டறை இடுக்கியில்) வைத்து இறுக்கியிருக்கிறார்கள், அதன் பற்களின் தடம் மங்கலாக இருந்தது.

பிரித்துத் தேய்த்தால் படி இருக்காது. ஆனால் பிரிப்பதற்கு பிளேடு சுழலும் அச்சாணியைத் தட்டி வெளியே எடுத்தாக வேண்டும். தொழிற்சாலையில் நிக்கல் சில்வர் போல்ஸ்டரில் நிக்கல் சில்வர் ஆணியையே அடித்து, தலையைப் பரப்பி, மட்டமாகத் தேய்த்துவிடுவதால் ஆணி இருக்கும் இடமே தெரியாது. மறுபடி அடித்த ஆணி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வட்டமாகத் தெரியும், அல்லது நாளாவட்டத்தில் வேறு நிறத்தில் கறுக்கும். ஆக, படியோ வட்டமோ இரண்டில் ஒன்றைப் போலியால் மறைப்பது மிகக் கடினம். டாங்கையும் போல்ஸ்டரையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கைப்பிடி விஷயத்தில் ஒரு பிழை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. அந்தக் காலத்து எலும்புத் தகடுகளை லைனரில், அதாவது கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில், ஆணி அடித்துத்தான் பொருத்தினார்கள். இந்தத் தகட்டுக்கும் பித்தளை லைனருக்கும் நடுவே பளபளப்பான பசைக் கோடு ஓடியது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் அந்தக் கோடு தனியாக ஒளிர்ந்தது. பல எபாக்ஸிப் பசைகள் அப்படித்தான் ஒளிரும். எலும்பின் தேய்மானமும் தவறு. சட்டைப்பையில் கிடந்து தேய்ந்த எலும்பில் மேடுகள் வழவழப்பாகி, பள்ளங்கள் கூராகவே இருக்கும். உப்புத்தாள் போட்டு 'பழசாக்கிய' எலும்பில் ஒரே திசையில் கீறல் ஓடும். பள்ளத்தில் இருந்த 'பல வருட அழுக்கு', ஸ்பிரிட் நனைத்த பஞ்சு பட்டதும் பழுப்பாகக் கரைந்து வந்தது. இந்தப் பஞ்சுச் சோதனையை செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் கைப்பிடியில் செய்யவே கூடாது, மேற்பரப்பு கெட்டுவிடும். சூடு வைத்த ஊசிச் சோதனை அதைவிட மோசம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும்.

சிலர் எலும்புக்குப் பதிலாக டெல்ரின் பிளாஸ்டிக் போட்ட கத்தியில் டெஸ்டட் முத்திரை வைத்து விற்கிறார்கள். இதற்கு லூப்பே போதும். எலும்பில் ரத்தக் குழாய்கள் ஓடிய நுண்ணிய கரும்புள்ளிகளோ கோடுகளோ இருக்கும், டெல்ரினில் எதுவும் இருக்காது. டெல்ரின் சந்தைக்கு வந்ததே 1960இல்தான். 1930களின் கத்தியில் அது இருக்க வழியே இல்லை.

இதே தந்திரத்தின் சின்ன வடிவம் இன்னும் அதிகமாக நடக்கிறது. 1965-69 முத்திரையில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.'வை மட்டும் தேய்த்துவிட்டால் கத்தி 1965க்கு முந்தியதாகிவிடும், விலையும் ஏறும். டாங்கின் மேல் ஒரு இரும்பு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எழுத்துக்குக் கீழே மட்டும் வெளிச்சம் கசிந்தால் அங்கே ஏதோ தேய்க்கப்பட்டிருக்கிறது.

மற்ற கம்பெனிகளிலும் இது உண்டு. ரெமிங்டன் 1920 முதல் 1940 வரை பாக்கெட் கத்தி செய்தது. தோட்டா வடிவச் சின்னம் பதித்த ஆர்1123 மாடலை 1982இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். அந்த மறுபதிப்பின் பிளேடில் இருக்கும் எழுத்துப் பொறிப்பைத் துடைத்து, அமிலத்தில் கறுக்க வைத்து அசலென்று விற்கிறார்கள். நியூயார்க்கின் எலன்வில்லில் இருந்த ஷ்ரேட் ஆலை 2004இல் மூடியபின், மிச்ச பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கத்திகளும் சுற்றுகின்றன. பாகங்கள் எல்லாம் அசல், கத்தி மட்டும் அந்த ஆலையில் பிறந்ததல்ல. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தியில் 'இங்கிலாந்து' என்று அடித்திருந்தும் 1850 என்று சொன்னால் நம்ப வேண்டாம். 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கிய பின்தான் அந்தச் சொல் பரவலாக வந்தது. சொல் இல்லாததாலேயே பழையது என்றும் ஆகிவிடாது, உள்நாட்டில் விற்றதற்கு அது தேவைப்படவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் இவை. ஒவ்வொரு பிளேடின் டாங்கும் இரு பக்கமும், ஒருமுறை நேர் வெளிச்சத்தில், ஒருமுறை சாய்ந்த வெளிச்சத்தில். ஒவ்வொரு பிளேடும் பாதி விரிந்த நிலையில். போல்ஸ்டர்கள் நெருக்கத்தில். மடக்கிய கத்தியின் முதுகு, ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் இடைவெளி தெரியும்படி. பக்கத்தில் அளவுகோல் வைத்து மடக்கிய நீளம், 54 டிராப்பருக்கு அது 4 1/8 அங்குலம், கிட்டத்தட்ட 105 மி.மீ. நேர்மையான வியாபாரி இதையெல்லாம் அரை மணி நேரத்தில் எடுத்து அனுப்பிவிடுவார். "ஒளி சரியில்லை, கேமரா சரியில்லை" என்று இழுத்தடித்தால் விலகிவிடுங்கள். பேபாலில் 'நண்பர்களுக்கு' அனுப்பும் முறையில் பணம் கேட்டால் அப்போதே நிறுத்துங்கள், அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

திருப்பிக் கேட்டபோது விற்றவர் சொன்ன பதில், "நான் நிபுணன் இல்லை என்று எழுதியிருந்தேனே". இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு விளம்பரத்தின் படங்களே காணாமல் போயின. எனவே ஏலம் கேட்கும் நாளிலேயே விளம்பரத்தின் எழுத்தையும் படங்களையும் சேமித்து வைத்துவிடுங்கள். சந்தேகப்பட்ட கத்தியை எண்ணெய் போட்டுத் துடைக்கவோ பஃப் போடவோ பிரிக்கவோ வேண்டாம். "நீங்கள்தான் கை வைத்தீர்கள்" என்பார்கள், சாட்சியும் அழிந்துவிடும். பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுத்து, படியையும் பசைக் கோட்டையும் காலிப்பர் அளவோடு படம் பிடித்து, 'விவரித்த பொருள் இது அல்ல' என்ற பிரிவில் ஏலத் தளத்திலேயே புகாரை அதன் கெடுவுக்குள் பதியுங்கள். பணம் திரும்பாமல் கத்தி கையில் தங்கிவிட்டால், பின்னால் விற்கும்போது 'முத்திரை மாற்றப்பட்டது, கைப்பிடி புதியது' என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதி, பாகங்களுக்கான விலைக்கு மட்டும் கொடுங்கள்.