ஒரே நிழல், மூன்று வினாத்தாள்

வானியல் ஒலிம்பியாடுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்த மாதிரிக் கணக்கிலிருந்து சார் ஆரம்பிக்கிறது?" நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கும் கேள்வியா, படிப்படியாக எழுதும் நெடுங்கணக்கா, அளவுகளைக் கையில் கொடுத்து அலசச் சொல்லும் கேள்வியா?

மூன்றும் இந்தப் பாதையில் வரிசையாக வரும். நவம்பரில் இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் தேசிய வானியல் தேர்வான என்.எஸ்.இ.ஏ. முதல் வகை. அதில் தேறியவர்களுக்கு ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வைக்கும் இந்திய தேசிய வானியல் ஒலிம்பியாடான ஐ.என்.ஏ.ஓ. இரண்டாம் வகை. அதன் பின் மும்பையில் நடக்கும் பயிற்சி முகாமையும் தாண்டி ஐந்து பேர் கொண்ட அணியில் இடம் கிடைத்தால், பன்னாட்டு ஒலிம்பியாடில் நெடுங்கணக்கோடு மூன்றாம் வகையும் வரும். நேரடியாக வானத்தைப் பார்த்துச் செய்யும் தேர்வும் அங்கே உண்டு.

ஒரே கேள்வியை மூன்று தாளிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சென்னையில் நண்பகலில் நிழலே விழாத நாள் எது?

முதல் தாளில் இது இப்படி வரலாம்: சென்னை, டெல்லி, லக்னோ, ஸ்ரீநகர், இவற்றில் எந்த ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்? கடகரேகை 23.4 பாகையில் இருக்கிறது, அதற்குத் தெற்கே உள்ளது சென்னை மட்டும்தான் என்று தெரிந்தவருக்குப் பத்து விநாடி போதும். அண்மை ஆண்டுகளின் தாளில் 2 மணி நேரத்தில் 60 கேள்விகள். 48 கேள்விகளுக்குத் தலா 3 மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். மீதி 12 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம், தலா 6 மதிப்பெண். வேகமும், தெரியாததைத் தொடாமல் விடும் துணிச்சலும் இங்கே வேண்டும். இந்தத் தாளைக் குறைத்துப் பேச மாட்டேன், இதைத் தாண்டாமல் அடுத்த படி கிடையாது. ஆனால் விடை சரியா தவறா என்பதைத் தவிர இது பிள்ளைக்கு வேறெதையும் சொல்லித் தராது.

இரண்டாம் வகைத் தாளில் அதே கேள்வி தேதியைக் கேட்கும், வழியையும் காட்டச் சொல்லும். சென்னையின் அட்சரேகை 13.1 பாகை. சூரியனும் வான நடுவரையிலிருந்து (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் நாம் எண்ணிக்கொள்ளும் கோடு) வடக்கே அதே 13.1 பாகை விலகி நிற்க வேண்டும். கோளம் ஒன்றை வரைந்து, சைன் 13.1-ஐ சைன் 23.4-ஆல் வகுத்து, வரும் எண்ணை சைனாகக் கொண்ட கோணத்தைப் பார்த்தால், மார்ச் 20-இலிருந்து சூரியன் தன் பாதையில் சுமார் 35 பாகை நகர்ந்திருக்க வேண்டும் என்று வரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை, ஆகவே 35 நாள், ஏப்ரல் 24. சரி. சூரியன் தெற்கே திரும்பி வரும்போது 180-இல் 35 போக 145 பாகை, அதற்கு 147 நாள், ஆகஸ்ட் 14.

ஆனால் சென்னையில் இரண்டாவது நிழலில்லா நாள் ஆகஸ்ட் 18. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "சார், நாலு நாள் எங்க போச்சு?" என்று கேட்டாள். அரை மணி நேரம் நான் எதுவும் சொல்லவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும், அப்போது அதன் ஓட்டம் மெதுவாகும் என்று கெப்ளரின் இரண்டாம் விதியிலிருந்து அவளே பிடித்தாள். ஓட்டம் ஒரே சீராக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் அந்த நாலு நாளைத் தின்றிருக்கிறது. நெடுங்கணக்கின் மேல் எனக்குள்ள பிரியம் இதனால்தான். எந்தப் படியில் சறுக்கினோம் என்று திரும்பிப் பார்க்கத் தாளிலேயே தடம் இருக்கும். கடைசி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

மூன்றாம் வகை, குச்சியின் நண்பகல் நிழல் நீளங்களை அட்டவணையாகக் கொடுத்து, ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடி, பிழை எவ்வளவு என்றும் சொல் என்று கேட்கும். இதை வெறும் தாளில் பழகினால் உப்புச்சப்பு இருக்காது. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டுப் பாருங்கள். மார்ச் 20 அன்று சென்னையில் நிழல் 23 செ.மீ. இருக்கும். கிட்டக் குனிந்து பார்த்தால் நிழலின் நுனி கோடாக இருக்காது, ஒரு செ.மீ. அகலத்துக்குக் கலங்கியிருக்கும். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால் வருவது அது. அரை செ.மீ. தவறாக அளந்தால் அட்சரேகையில் 0.3 பாகை, அதாவது தரையில் 30 கிலோமீட்டர் பிசகும். பிழை என்றால் என்ன என்பதை நான் பலகையில் எழுதி விளக்கியதைவிட, அந்தக் கலங்கிய நுனிதான் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியவைத்தது.

நான்காவதான வான்நோக்கலைப் பற்றி ஒன்றுதான். நகர வெளிச்சம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு படி முன்னிலை உண்டு, அதை வீணாக்க வேண்டாம்.

ஆக, எதில் தொடங்குவது? நான் நெடுங்கணக்கு என்பேன், அதுவும் முதல் வாரத்திலிருந்தே கம்போடும் அளவுகோலோடும். விடை குறிக்கும் பயிற்சிக்குத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் போதும். கோளத்தை வரைந்து பழகியவர் அந்தத் தாளில் தானாகவே வேகமாவார். விடை குறித்தே பழகியவருக்கு நெடுங்கணக்கு கைவருவது கடினம், முதல் படியை எப்படி எழுதுவது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கால அவகாசம் இரண்டே மாதம்தான் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, பழைய என்.எஸ்.இ.ஏ. தாள்களிலிருந்து தொடங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 18 அன்று கம்பை நட்டு, கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு நிழலை அளந்து பாருங்கள். ஐந்தரை செ.மீ. இருக்கும். 12.13-க்குத்தான் அது மறையும். அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் ஒன்பது, சென்னை இந்திய நேரத்தின் 82.5 பாகைக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் வருவது. மீதி நான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை நெடுங்கணக்காக எழுதிப் பாருங்கள்.